ஐந்தாவதாக இருந்த நான்காம் நம்பர்

பிறக்கும்போதே அதற்கு ஒரு ஜாதகம் எழுதியிருந்தார்கள். ஆயுள் எவ்வளவு என்று அதில் இல்லை. உடம்பில் எங்கெங்கே கோளாறு என்று மட்டும் இருந்தது.

ஹார்டு டிஸ்க் தொழிற்சாலையில் தட்டுகளை அடுக்கி, மோட்டாரைப் பூட்டி, மூடியைத் திருகிய பிறகு ஒவ்வொரு டிஸ்க்கையும் சோதனை அடுக்கில் வைத்து மணிக்கணக்கில், பெரிய டிஸ்க் என்றால் நாள்கணக்கில், ஓடவிடுவார்கள். அது தன் மேற்பரப்பு முழுவதையும் தானே எழுதி, தானே படித்துப் பார்த்து, தேறாத இடங்களை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். பி-லிஸ்ட் என்று பெயர். பிறவிக் குறைகளின் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு டெராபைட் டிஸ்க்கில் 512 பைட் செக்டர்கள் ஏறக்குறைய 781 கோடி. அத்தனையும் பழுதில்லாமல் இருந்தால்தான் விற்பது என்று உட்கார்ந்தால் ஒரு டிஸ்க்கும் கடைக்கு வராது. அதனால் கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி வரிசை எண் போட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எண்கள் ஒன்று விடாமல் தொடரும். பள்ளம் இருந்ததே தெரியாது.

நான் சொல்லப்போகிற டிஸ்க்கும் அப்படித்தான் வந்தது. குறை மறைத்துப் பழகியே பிறந்தது.

அதன் லேபிளில் பிறந்த ஊர் தாய்லாந்து என்றிருந்தது. 2011 அக்டோபரில் அந்த நாட்டு வெள்ளம் அயுத்தயா வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளுக்குள் புகுந்து, பாங் பா-இன் என்ற இடத்திலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை மூழ்கியது. டிஸ்க்குக்கு மோட்டார் செய்து கொடுக்கிற நிடெக் போன்றவர்களின் ஆலைகளும் தப்பவில்லை. உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. சர்வர் வாங்கும் கோப்புகளோடு அலைந்துகொண்டிருந்த எங்களைப் போன்றவர்கள் கொட்டேஷனைத் திரும்பத் திரும்ப மாற்றி வாங்கினோம். எங்கோ ஓர் ஆற்றில் நீர் ஏறினால் சென்னையில் ஒரு பர்சேஸ் ஆர்டர் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் டிஸ்க் பிறந்தபோது வெள்ளம் வடிந்து, விலையும் ஓரளவு இறங்கியிருந்தது.

2014 செப்டம்பரில் பன்னிரண்டு டிஸ்க்குகள் ஒரே பெட்டியில் வந்து இறங்கின. சீரியல் நம்பர்கள் கிட்டத்தட்ட அடுத்தடுத்து. அன்று அதைப் பார்த்து, "எல்லாம் ஒரே ரகம், நல்லது" என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் எவ்வளவு அறியாமை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒவ்வொன்றையும் கேடி என்கிற தகரச் சட்டத்தில் நாலு திருகு போட்டு மாட்டி, சர்வரின் முகப்பில் செருகினோம். சில நாட்களில் ஆயுத பூஜை. சர்வர் ரூமுக்குள் சூடம் ஏற்றக் கூடாது, சாம்பிராணி கூடவே கூடாது என்று சண்டை போட்டு வென்றேன். நெருப்புக்குப் பயந்து மட்டும் இல்லை. அந்தக் காலத்து டிஸ்க்குகளில் பெரும்பாலானவை மூச்சு விடும். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக ஒரு சின்னத் துளை, அதில் ஒரு வடிகட்டி. சந்தனம் குங்குமத்துக்கு மட்டும் தடை போட முடியவில்லை. ஆபீஸ் உதவியாளர் அண்ணன் பன்னிரண்டு சட்டங்களுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தார். மற்றவை நாளடைவில் உதிர்ந்தன. ஐந்தாவது சட்டத்தில் விரல் கொஞ்சம் அழுத்தமாகப் பட்டுவிட்டது போல, அந்தப் பொட்டு மட்டும் நின்றது.

ஐந்தாவது என்று நான் சொல்வது மனிதக் கணக்கு. சர்வர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதன் கணக்கில் அது ஸ்லாட் 4.

உள்ளே அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நிமிஷத்துக்கு 7,200 சுற்று; அதாவது வினாடிக்கு 120. தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். படிக்கிற தலை அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் தயவில் மிதக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். தரையை உரசிப் பறக்கிற விமானத்தை வைத்து இதற்கு ஒரு உவமை எல்லாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடலாம். எனக்கு வேண்டிய எண் வேறு: ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். தலை ஓரிடத்தைப் படிக்கத் தவறினால், அந்த இடம் மறுபடி கீழே வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். நூறு தடவை முயன்றால் முக்கால் வினாடிக்கு மேல் போய்விடும். கம்ப்யூட்டருக்கு முக்கால் வினாடி என்பது ஒரு மாமாங்கம்.

பன்னிரண்டில் பதினொன்றை ஒரே ரெய்ட் 6 அரேயாக, அதாவது ஒரே டிஸ்க் போல நடந்துகொள்கிற கூட்டமாகக் கட்டி, கடைசி ஒன்றை ஹாட் ஸ்பேராக விட்டோம். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்து, யாராவது விழுந்தால் அந்த இடத்துக்கு ஓடுகிற ஆள் அது. ரெய்ட் என்ற யோசனைக்கு 1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் பெயர் வைத்தது. பெரிய ஐபிஎம் டிஸ்க் ஒன்றை வாங்குவதற்குப் பதில் பெர்சனல் கம்ப்யூட்டருக்கான மலிவு டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. அதிலேயே ஒரு கணக்கும் போட்டார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் தாங்குகிறது என்றால், நூறு டிஸ்க் சேர்ந்த கூட்டத்தில் 300 மணிக்கு ஒன்று விழும். இரண்டு வாரம்கூட ஆகாது. அதனால்தான் உபரி வேண்டும், தொலைந்த துண்டை மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு மீட்க உதவுகிற பேரிட்டி வேண்டும் என்று தொடங்குகிறது மற்றதெல்லாம். அந்தக் கட்டுரையில் ஐ என்ற எழுத்து 'இன்எக்ஸ்பென்சிவ்', அதாவது மலிவு. பிறகு விற்க வந்த கம்பெனிகள் அதை 'இன்டிபென்டென்ட்' ஆக்கிவிட்டன. மலிவு என்று பெயரில் வைத்துக்கொண்டு விலையை ஏற்ற முடியாதல்லவா.

கம்பெனிகள் டிஸ்க்கின் தாளில் எழுதித் தருகிற ஆயுள் கணக்கும் இப்படி ஒரு வேடிக்கைதான். பத்து லட்சம் மணி, பதினைந்து லட்சம் மணி என்றிருக்கும். பத்து லட்சம் மணி என்றால் 114 வருஷம். அந்தக் கணக்குப்படி நூறு டிஸ்க்கில் வருஷத்துக்கு ஒன்றுகூட மாற்ற வேண்டியிருக்காது. கார்னகி மெலனில் பியங்கா ஷ்ரோடரும், முன்பு ரெய்ட் கட்டுரை எழுதிய அதே கார்த் கிப்சனும், சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளைப் பார்த்து 2007இல் எழுதினார்கள்: நடைமுறையில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நாலு மாற்றுவது சகஜம், சில இடங்களில் 13 வரை போகிறது. சர்வர் ரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு இது செய்தியாகவே இல்லை. தாளை நம்பி ஸ்பேர் வாங்காமல் இருந்த மேலாளர்களிடம் காட்டுவதற்கு மட்டும் உதவியது.

நாலு வருஷம் ஸ்லாட் 4 பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது, ஓடியது. அவ்வளவுதான்.

ஓடியது என்று மேலாகச் சொல்கிறேன். உள்ளே வாழ்க்கை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்திருக்கும். பிறவிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு டிஸ்க்கும் இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறது, ஜி-லிஸ்ட். வளர வளரச் சேர்ந்த குறைகள். ஓர் இடம் படிக்கக் கஷ்டமாக இருந்தால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பார்க்கும். பிழை திருத்தும் கணக்கைப் போட்டுப் பார்க்கும். கிடைத்துவிட்டால் அந்தத் தகவலை ஒதுக்கி வைத்திருக்கும் உபரி செக்டர் ஒன்றில் எழுதி, பழைய முகவரியை அங்கே திருப்பிவிட்டு, ஜி-லிஸ்டில் ஒன்று கூட்டிக்கொள்ளும். கேட்டவனுக்குத் தகவல் சரியாகப் போய்ச் சேரும், கொஞ்சம் தாமதமாக. எல்லாம் சுகம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற மகன் மாதிரி.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க் இப்படி ஒரு செக்டருக்காக ஒரு நிமிஷம்கூட மல்லுக்கட்டும். அங்கே வேறு நகல் இல்லை, அதனால் அது நியாயம். ரெய்டுக்கான டிஸ்க்குக்கு வழக்கமாக ஏழு வினாடி அளவில் வரம்பு கட்டியிருப்பார்கள். அதற்குள் முடியாவிட்டால் 'முடியவில்லை' என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும், மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டு, கூட்டத்தை நடத்துகிற கன்ட்ரோலர் அந்தத் துண்டை வரவழைத்துக்கொள்ளும். வரம்பில்லாத மலிவு டிஸ்க்கை ரெய்டில் போட்டால், அது பதில் சொல்லாமல் முனகிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலர் பொறுமை இழந்து, ஆள் செத்துவிட்டான் என்று கழற்றிவிடும். நல்ல டிஸ்க்கும் இப்படி வெளியேற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்லாட் 4 முறையான டிஸ்க்தான். ஏழு வினாடியைத் தொட்டது அபூர்வம். அடிக்கடி தொட்டிருந்தால் சீக்கிரம் பிடித்திருப்போம். அரை வினாடி, முக்கால் வினாடி என்று இழுத்து, ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் ஜெயித்துக்கொண்டிருந்தது.

2019 ஆகஸ்டில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து போன். "சார், ரிப்போர்ட் ஓட மாட்டேங்குது. ஓடுது, நிக்குது, ஓடுது." நெட்வொர்க் ஆட்கள் நெட்வொர்க்கில் ஒன்றுமில்லை என்றார்கள். டேட்டாபேஸ் ஆட்கள் டேட்டாபேஸில் ஒன்றுமில்லை என்றார்கள். நானும் என் பங்குக்கு அரேயைத் திறந்து பார்த்தேன். 'ஆப்டிமல்' என்றிருந்தது. என் ஜூனியர் சர்வர் ரூமுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "எல்லாம் பச்சையாதான் சார் எரியுது."

இந்த வேலையில் இருபது வருஷம் கழித்து நான் பயப்படுவது அந்தப் பச்சைக்குத்தான். மஞ்சள் எரிந்தால் பிரச்சினை அங்கே முடிந்தது. கழற்று, மாட்டு, போ. செத்த டிஸ்க் யாரையும் காக்க வைக்காது. சாக மறுக்கிற டிஸ்க்தான் காக்க வைக்கும். பந்தியில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பத்துப் பேர் மோர் சாதம் முடித்துக் கை காய்கிறது, ஒருவர் மட்டும் இன்னும் சாம்பாரில் இருக்கிறார் என்றால் இலை எடுக்க முடியுமா? அரே அப்படித்தான். ஒரு பெரிய கோப்பின் துண்டுகள் எல்லா டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும். எல்லாத் துண்டும் வந்தால்தான் பதில். கடைசி ஆள் எழுந்திருக்கிற நேரம்தான் எல்லாருடைய நேரமும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கோ பதினோரு டிஸ்க்கும் ஒரே டிஸ்க்காகத்தான் தெரியும். அது மெதுவாக இருக்கிறது என்று சொல்லும், யாரால் என்று சொல்லாது. கன்ட்ரோலரிடம் ஆள் ஆளாக விசாரிக்க வேண்டும். அதற்கென்று இருக்கிற கட்டளையைப் போட்டால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மூன்று எண்ணிக்கைகள் வரும். மீடியா எரர்: தட்டில் படிக்க முடியாமல் போனது. அதர் எரர்: தட்டுக்கு வெளியே நடந்தது. பிரெடிக்டிவ் ஃபெய்லியர்: இது போகப்போகிறது என்று டிஸ்க்கே கை தூக்கியது.

ஸ்லாட் 7இல் அதர் எரர் 41. மற்ற எல்லாவற்றிலும் அது பூஜ்யம். என் ஜூனியர் உடனே, "சார், ஏழுதான்" என்றாள்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். முந்தைய வேலையில் ஒரே ஸ்லாட்டில் மூன்று டிஸ்க்குகளை அடுத்தடுத்து மாற்றினோம். மூன்றாவதும் அதே பிழைகளைக் கொடுத்த பிறகுதான் டிஸ்க் செருகுகிற பின்பலகையின் கனெக்டர் தளர்ந்திருப்பது தெரிந்தது. இரண்டு நல்ல டிஸ்க்குகளை அதற்குள் திருப்பி அனுப்பியாகிவிட்டது. அதர் எரர் ஏறினால் முதலில் கேபிள், பின்பலகை, சரியாக உட்காராத சட்டம், மின்சாரம் என்று வெளியே பார்க்க வேண்டும். ஸ்லாட் 7இன் பதிவுகளைத் தேதி வாரியாகப் பார்த்தோம். நாற்பத்தொன்றும் ஒரே நாள் மதியம், சர்வரை ரேக் மாற்றிய நாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஏழு நிரபராதி.

டிஸ்க் நோயாளியா, இடம் சரியில்லையா என்ற கேள்வியை மட்டமாக நினைக்கக் கூடாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், ஓடுகிற டிஸ்க் அடுக்கின் முகத்துக்கு நேரே நின்று தொண்டை கிழியக் கத்தி, அந்த வினாடியில் டிஸ்க்குகளின் தாமதம் குபீரென்று ஏறுவதைப் படம் பிடித்துக் காட்டினார், 2008 கடைசியில். 2016 செப்டம்பரில் புக்காரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி தன் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தபோது, நெருப்பே இல்லாமல் வாயு பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவைகள் பல மணி நேரம் நின்றன. காக்க வந்த வாயுவின் இரைச்சல் அடித்துவிட்டது. எங்கள் அறையில் யாரும் கத்தவில்லை. ஏசி ஒழுங்காக இருந்தது.

திரும்பப் பட்டியலுக்கு வந்தேன். ஸ்லாட் 4: மீடியா எரர் 3. பிரெடிக்டிவ் பூஜ்யம். நிலை: ஆன்லைன். மூன்று என்பது சின்ன எண். பல பேர் தாண்டிப் போய்விடுவார்கள். கன்ட்ரோலரைத் தாண்டி டிஸ்க்கிடம் நேரடியாகக் கேட்டேன். முதல் வரி: 'ஹெல்த் ஸ்டேட்டஸ்: ஓகே.' கீழே நாலு விரல் தள்ளி, ஜி-லிஸ்ட் எண்ணிக்கை: 212. பக்கத்து ஸ்லாட்டுகளில் பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். பவர்-ஆன் நேரம் 43,000 மணி சொச்சம். மறுபடி படித்துச் சரிசெய்ததன் எண்ணிக்கை பக்கத்துக்காரர்களைவிடப் பல மடங்கு. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 212 என்பது 219 ஆகியிருந்தது.

எண்ணைவிட அது நகர்வதுதான் எனக்கு முக்கியம். இருநூறில் வருஷக்கணக்கில் நின்றுபோன டிஸ்க்கை நான் வைத்துக்கொள்வேன். சாப்பாட்டு நேரத்தில் ஏழு கூட்டியதை வைத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் ஏன் 'ஓகே'? டிஸ்க்கின் சுய எச்சரிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால்தான் கை தூக்கும். வரம்பைக் குறைவாக வைத்தால் வாரண்டியில் வந்து குவியும், தயாரிப்பவர்களுக்குக் கட்டாது. கூகுளில் பின்ஹைரோ, வெபர், பரோசோ மூவரும் தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு முடிவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், அப்படிப் பிழை வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு. ஆனால் செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நாலு அடையாளங்களில் ஒன்றையும் காட்டாமலே போயின. அடையாளம் காட்டினால் நம்பு, காட்டாவிட்டால் நம்பாதே. சந்தேகப்படுவதற்கு இவ்வளவு நல்ல தொழில் வேறு இருக்காது.

ஆயுள் துல்லியமாக எழுதப்பட்ட ஜாதகம் ஒன்றும் அந்த வருஷமே வந்தது. தட்டில்லாத எஸ்எஸ்டி ரகத்தில், ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் விற்ற சில மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி ஓடியதும் திரும்பாமல் போய்விடும், அதற்குள் ஃபர்ம்வேரை மாற்றிவிடுங்கள் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருகிற எண் என்பதால் கணினிக்காரர்களுக்கு எங்கே இடறியிருக்கும் என்று உடனே புரிந்திருக்கும். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மின்சாரம் கொடுத்த அரேயை நினைத்துப் பாருங்கள். அத்தனையும் ஒரே மணிக்கு. எந்த பேரிட்டியும் அதைத் தாங்காது.

ஸ்லாட் 4ஐக் கழற்றுவது என்று முடிவு செய்தேன். சப்போர்ட்டில் பேசிய தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"சார், ஹெல்த் ஓகேன்னுதானே காட்டுது?"

"ஆமா தம்பி. அதுதான் பிரச்சினை."

லாக் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதில் 3/11/00 என்று மூன்று இடத்தில் இருந்தது. எஸ்ஏஎஸ் டிஸ்க்குகளின் மொழியில் அதற்குப் பொருள், படிக்க முயன்றேன், மீட்க முடியவில்லை என்பது. அந்த மூன்று வரியைப் பார்த்த பிறகு அவர் குரல் மாறியது. வாரண்டி முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன என்பதையும் இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி பேக்கப் முடியும்வரை காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பைத்தான் அவசரக்காரர்கள் விடுவார்கள். பேக்கப் இருக்கிறது என்பது ஒன்று, நேற்று எடுத்ததிலிருந்து ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துப் பார்த்தோம் என்பது வேறு. ஒன்றை எடுத்துப் பார்த்தோம், வந்தது. பதினொன்றரை மணிக்கு ஸ்லாட் 4க்கு ஆஃப்லைன் உத்தரவு கொடுத்தேன். ஹாட் ஸ்பேர் ஐந்து வருஷத் தூக்கம் கலைந்து எழுந்தது. ரீபில்ட் 0 சதவீதம்.

நாலு டெராபைட்டை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினால் ஏழரை மணி நேரம். அது ஆள் நடமாட்டமில்லாத கணக்கு. காலையில் ஆபீஸ் திறந்தால் இரண்டு வேலையும் ஒரே டிஸ்க்குகள்தான் செய்ய வேண்டும். எங்களுக்குப் பத்தொன்பது மணி நேரம் ஆனது. அந்தப் பத்தொன்பது மணி நேரமும் மீதி பத்து டிஸ்க்குகள் தங்களிடம் இருப்பதை முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை படித்தாக வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத இடங்களும் அதில் அடக்கம். மீட்க முடியாத பிழை 10ஐப் பதினைந்து முறை பெருக்கிய அளவு பிட்டுகளுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்று டிஸ்க்கின் தாளில் இருக்கும். வீட்டு ரகத்தில் பதினான்கு முறை. பத்து டிஸ்க், நாற்பது டெராபைட். அதே பதினான்கு முறைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் வீட்டு ரகத்தில் மூன்று பிழை வரும். நிஜத்தில் டிஸ்க்குகள் தாளைவிட நன்றாக நடந்துகொள்ளும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மனம் தாளைத்தான் பார்க்கும்.

இங்கேதான் அந்த அடுத்தடுத்த சீரியல் நம்பர்கள். ஒரே ஆலை, ஒரே வாரம், ஒரே லாரி, ஒரே அறையின் சூடு, ஒரே அளவு வேலை. கூடப்பிறந்தது ஒன்று ஐந்தாம் வருஷத்தில் படுத்தால் மற்றவை எவ்வளவு தூரத்தில் இருக்கும்? 58 சதவீதத்தில் ஸ்லாட் 9 ஓரிடத்தைப் படிக்க முடியவில்லை என்றது. இருபது நிமிஷம் கழித்து இன்னோரிடம். யாரும் கேட்காததால் வெளியே வராமல் கிடந்த குறைகள் அவை. நெட்ஆப் நிறுவனத்தின் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை 32 மாதம் கவனித்த ஆய்வு ஒன்றில் 3.45 சதவீத டிஸ்க்குகளில் இப்படி மறைந்திருந்த பிழைகள் தென்பட்டன. ரெய்ட் 5 ஆக இருந்திருந்தால் அந்த இரண்டு துண்டுகளும் போனவைதான். ரெய்ட் 6இல் இரண்டாவது பேரிட்டி இருக்கிறது. அதை வைத்து ஒப்பேற்றியது. எண்ணிக்கை நகர்ந்தது. 59. 60. ஜூனியரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவள் போகவில்லை.

பின்னணியில் டிஸ்க் முழுவதையும் படித்து இப்படிப்பட்ட இடங்களைத் தேடுகிற ரோந்து வேலை ஒன்று கன்ட்ரோலரில் உண்டு, பேட்ரோல் ரீட். எங்கள் சர்வரில் அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். வேகம் குறைகிறது என்று. யார் என்று லாக்கில் பார்த்தேன். நான்தான், 2016இல்.

மறுநாள் மாலை ரீபில்ட் முடிந்த பிறகு டிஸ்க்கை வெளியே எடுக்கப் போனோம். எனக்கு எப்போதும் கை நடுங்குகிற இடம் இது. பழைய ஆபீஸில் எட்டு டிஸ்க் ரெய்ட் 5. மூன்றாம் நம்பர் செத்துக்கிடந்தது, விளக்குகள் சரியாக எரியாத பழைய பெட்டி. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணிப் பிடுங்கினேன். பிடுங்கியது சர்வரின் கணக்கில் இரண்டு, உயிரோடிருந்த டிஸ்க். அரே மொத்தமும் அந்த வினாடியில் படுத்தது. டிஸ்க் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது கையில் எடுத்தால் பம்பரம் மாதிரி முறுக்கும். அந்த முறுக்கல் கையில் பட்ட பிறகுதான் தப்பு புரிந்தது. செத்தது முறுக்காது. திருப்பிச் செருகியதும் கன்ட்ரோலர் அதை 'ஃபாரின்' என்றது. ஐந்து நிமிஷத்துக்கு முன்வரை தன் வீட்டுப் பிள்ளையாக இருந்ததை அந்நியன் என்று. அதைப் பேசிச் சமாதானப்படுத்தி உள்ளே எடுத்து, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்து முடிக்க விடிந்துவிட்டது.

அதனால் இந்த முறை லொக்கேட் கட்டளை கொடுத்து விளக்கை மினுக்கவிட்டேன். ஜூனியர் முன்னால் நின்று, "குங்குமம் வெச்சது மினுக்குது சார்" என்றாள். சீரியல் நம்பரை இருவரும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தோம். சுற்று நிற்கட்டும் என்று ஒரு நிமிஷம் பொறுத்து, கொக்கியைத் தட்டி இழுத்தேன். முறுக்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

மேஜையில் தனியாக மாட்டிச் சோதித்தோம். குறுஞ்சோதனையில் தேறியது. நெடுஞ்சோதனையில் பாதியில் விழுந்தது. ஜி-லிஸ்ட் 240ஐத் தாண்டியிருந்தது. உள்ளே இருந்த தகவலை நினைத்து, டிஸ்க்கைத் திருப்பித் தர மாட்டோம், நாங்களே அழித்துவிடுகிறோம் என்று சிலர் கூடுதல் பணம் கட்டி ஒப்பந்தம் போடுவார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை. முழுக்கப் பூஜ்யம் எழுதினோம். நொண்டி நொண்டி இரண்டு நாள் ஆனது. கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட அந்த இருநூற்று நாற்பது இடங்களில் பழைய எழுத்து அப்படியே கிடக்கும், நம் கை அங்கே எட்டாது என்பதும் தெரியும். ஆளுக்கு அரை கிலோபைட் கணக்குப் புத்தகத் துண்டு. யாருக்கும் பிரயோஜனமில்லை என்று எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அது எங்கே போனது என்று எனக்கு வந்த டிஸ்க்கிலிருந்துதான் ஊகிக்கிறேன். மாற்றாக வந்த பெட்டியில் இருந்ததன் லேபிளில் 'ரீசர்டிஃபைடு' என்று சின்னதாகப் போட்டிருந்தது. வாரண்டியில் திரும்பி வருகிறவற்றில் தேறுகிறவற்றை மறுபடி சோதனை அடுக்கில் ஏற்றுவார்கள். வளர்ந்த குறைகளைப் பிறவிக் குறைகளின் பட்டியலோடு சேர்த்துவிட்டு, ஜி-லிஸ்டைப் பூஜ்யமாக்கி, மறுபடி அனுப்புவார்கள். புது ஜாதகம். யாருடைய சர்வரில், எந்த ஊரில், எத்தனை வருஷம் இருந்தது என்று அதில் ஒரு வரி இருக்காது. சட்டம் இல்லாமல் வெறும் டிஸ்க்காகத்தான் வந்தது. பழைய சட்டத்திலிருந்து நாலு திருகைக் கழற்றி, அதே சட்டத்தில் இதை மாட்டினேன்.

ஜூனியர் அதன் எண்ணிக்கைகளைப் படித்தாள். மீடியா எரர் பூஜ்யம். அதர் எரர் பூஜ்யம். ஜி-லிஸ்ட் பூஜ்யம். பவர்-ஆன் நேரம், 2 மணி.

"புதுசு மாதிரி இருக்கு சார்."

குங்குமப் பொட்டு வைத்த சட்டத்தை ஸ்லாட் 4இல் செருகினேன். கொஞ்ச நேரம் மினுக்கியது. பிறகு பச்சை.